'கடல்பாசி' என்று சொன்னேன்... எந்தப் பாசி?

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நாகர்கோவிலில் என் வைத்தியசாலைக்கு ஒரு டீச்சர் வருவார். வயது 34. அடிக்கடி வாய்ப்புண், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல். பித்தம் மீறிய உடம்பு. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, எழுந்து போகிறவரிடம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்: "வாரத்துல மூணு நாள் கடல்பாசி காய்ச்சிக் குடிங்கம்மா, சூடு தணியும்."

அவ்வளவுதான். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

அது ஆவணி மாதம். கார்த்திகையில் டீச்சர் திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. "என்னான்னே தெரியல டாக்டர், காலையில எந்திரிக்கவே முடியல. ஒடம்பு ஊதிக்கிட்டே போவுது" என்றார். கூட வந்திருந்த மாமியாருக்கு நேர் எதிர். அவருக்கு வயது 62, கழுத்தில் பல வருஷமாக ஒரு சின்னக் கழலை உண்டு. "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டரே, கை நடுங்குது, சோறு தின்னாலும் மெலிஞ்சுகிட்டே போறேன்" என்றார்.

ஒரே வீடு. ஒரே சமையல். ஒருவர் வீங்குகிறார், ஒருவர் வற்றுகிறார். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன கடல்பாசிதான் டாக்டர்! என் கொழுந்தன் முட்டம் பாறையில இருந்து ஒரு சாக்கு நெறைய கொண்டு வந்தாரு. கழுவிக் காய வச்சு, மிஷின்ல குடுத்துப் பொடிச்சு, தெனம் ரெண்டு வேளை மோருல ஒரு ஸ்பூன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்னது கடையில் விற்கும் வெள்ளைக் கடல்பாசி, நீங்கள் சைனா கிராஸ் என்று வாங்குகிறீர்களே, அது. அவர்கள் இரண்டு மாதமாகச் சாப்பிட்டது வேறு ஏதோ.

அன்றைக்கே இருவருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். டீச்சருக்கு டி.எஸ்.எச். 31. போன வருஷம் பார்த்தபோது 5-க்குள் இருந்தது. மாமியாருக்கு அது அடியோடு குறைந்து, தைராய்டு சுரப்பு அதிகமாகி இருந்தது. பொடியை நிறுத்தச் சொல்லி, இருவரையும் தைராய்டு நிபுணரிடம் அனுப்பினேன். சித்த வைத்தியன் அலோபதிக்கு அனுப்புவதா என்று வெட்கப்படுகிற நேரம் இல்லை அது.

பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. சாக்கில் மீதி இருந்த பாசி எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எத்தனை பாசிகள்!

நம் வீடுகளில் 'பாசி' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள்.

நோன்புக் காலத்தில் பால் ஊற்றிக் கட்டியாக்கிச் சாப்பிடும் வெள்ளைக் கடல்பாசி, அகர் அகர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி போன்ற சிவப்பு இனக் கடல்பாசிகளைக் காய்ச்சி, வடித்து, வெளுத்து எடுப்பது. பாளையங்கோட்டையில் நான் குணபாடம் படித்தபோது கடற்பாசி என்று காட்டியதும் இந்தக் கஞ்சிப்பாசி வகையைத்தான். குருமாவில் போடும் கல்பாசி கடலையே பார்த்ததில்லை. அது மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன் என்ற உயிரினம். மாத்திரையாக வரும் சுருள்பாசி தொட்டியில் வளர்க்கும் நுண்ணுயிர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, பாசியும் இல்லை நுரையும் இல்லை, கணவாய் மீனின் ஓடு!

இவ்வளவு குழப்பம் இருக்கிற ஊரில், "கடல்பாசி சாப்பிடுங்க" என்று மொட்டையாகச் சொன்னேன் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் கொழுந்தனையே கூட்டிக்கொண்டு முட்டம் போனேன். எந்த இடத்தில் பறித்தாரோ அதே பாறைக்கு. அன்று அமாவாசைக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக உள்வாங்கும். நம் தெற்குக் கரையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான்; அதனால் நாள் பார்த்துப் போனால்தான் பாறையின் கீழ்ப்பகுதி கண்ணில் படும். வழுக்கும். அலை எப்போது எகிறும் என்று தெரியாது. உள்ளூர் மீனவர் துணை இல்லாமல் தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

பாறையின் கீழ் ஓரத்தில் பழுப்பும் மஞ்சளுமாக, அலை வரும்போது விரிந்து, போகும்போது படிந்து, தலைமுடி போல ஆடிக்கொண்டிருந்தது அது.

"இதான் சார்" என்றார் கொழுந்தன்.

பழுப்பு என்றால் என்ன பழுப்பு?

கடல் தாவரங்களைப் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். ஆனால் நிறத்தைக் கண்ணால் மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். சிவப்புப் பாசி வெயிலில் கருத்துப் பழுப்பாகத் தெரியும். இதற்கு அடுப்படியிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் செய்து காட்டினேன்.

ஒரு பாத்திரத்தில் வெந்நீரைக் கொதிக்க வையுங்கள். புதிதாகப் பறித்த பழுப்புப் பாசியில் ஒரு கிளையைப் போடுங்கள். கண்ணெதிரே அது பச்சையாக மாறும்! கொழுந்தன் 'அட!' என்று வாய் பிளந்துவிட்டார்.

காரணம் எளிது. பழுப்புப் பாசியிலும் நம் முருங்கைக்கீரையில் இருப்பது போல பச்சையம் உண்டு. ஆனால் ஃபியூகோசாந்தின் என்ற இன்னொரு நிறப்பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பச்சையை மறைத்து நிற்கிறது. சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு குலைந்துவிடுகிறது. மறைந்திருந்த பச்சை வெளியே வருகிறது. வெகுநாள் வெயிலில் கிடந்து வெளுத்த சருகில் இந்தச் சோதனை சரியாக வராது. பச்சையாகப் பறித்ததில்தான் தெளிவாகத் தெரியும்.

சரி, பழுப்புக் கூட்டம் என்று தெரிந்துவிட்டது. அதில் எது?

வேர் மாதிரி இருப்பது வேர் அல்ல

முதலில் அடியைப் பாருங்கள். செடி என்றால் வேர் இருக்க வேண்டும். இதற்கு வேர் கிடையாது. பாறையில் பசை போட்டு ஒட்டியது மாதிரி வட்டமான ஒரு தட்டு இருக்கும். உணவை உறிஞ்சும் வேலை அதற்கு இல்லை, பிடித்துக்கொள்வது மட்டுமே வேலை. பலமாக இழுத்தால் பாறைச் சில்லோடு வரும். சாக்கில் இருந்த சில துண்டுகளில் இந்தத் தட்டும் சில்லும் இருந்தன. கரையில் ஒதுங்கியதை மட்டும் பொறுக்கவில்லை, பாறையிலிருந்தே பறித்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது.

(ஒரு வார்த்தை: அந்தத் தட்டை விட்டுவிட்டு மேலே மட்டும் அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். தட்டோடு பிடுங்கினால் அந்த இடம் மொட்டையாகிவிடும். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளரும் காடு அது.)

தட்டுக்கு மேலே சிறிய தண்டு. அதிலிருந்து நீளமான கிளைகள். கிளையில் இலை போன்ற பாகங்கள், நடுவில் நரம்பு. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தியது மாதிரி சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். இவ்வளவையும் பார்த்தால் நிலத்துச் செடி என்றே தோன்றும்.

இனிமேல்தான் முக்கியமான அடையாளம். இலைக் கக்கத்தில், தனியாக ஒரு சின்னக் காம்பில், மிளகு அளவிலோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ உருண்டைகள் தொங்கும். விரலால் நசுக்கினால் 'டப்'பென்று வெடிக்கும். உள்ளே விதை இல்லை, சாறு இல்லை, வெறும் காற்று. கிளைகளைத் தண்ணீரில் நிமிர்த்தி வெளிச்சத்தை நோக்கித் தூக்கி நிறுத்தும் மிதவைகள் இவை. கொழுந்தன் இதைத்தான் "காய் புடிச்ச பாசி, சத்து ஜாஸ்தி" என்று நினைத்துப் பறித்திருக்கிறார்!

தட்டு, நடுநரம்புள்ள இலை, தனிக் காம்பில் காற்றுப் பை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது சர்காசம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இதைக் 'கட்டக்கோரை' என்பார்கள். அங்கே ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை இதன் அறுவடைக் காலம். ஐஸ்கிரீம் குழைவாக இருக்கவும், துணியில் அச்சுச் சாயம் ஓடாமல் இருக்கவும், பல் டாக்டர் அளவு எடுக்கும் பசைக்கும் பயன்படும் ஆல்ஜினேட் என்ற பொருள் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு. டீச்சர் வீட்டு மோருக்குப் போய்விட்டது.

இதோடு மயங்க வைக்கும் உறவுக்காரர்களும் உண்டு. முதல் ஆள் டர்பினேரியா. மண்டபத்தில் இதைப் 'பக்கோடா பாசி' என்பார்கள். என்ன அருமையான பெயர்! தடித்து, முறுகலாக, ஓரத்தில் முள்முள்ளாக, நிஜமாகவே பக்கோடா மாதிரிதான் இருக்கும். இதன் இலை தட்டையாக இராது. புனல் மாதிரி, பம்பரம் மாதிரி மேலே அகன்றிருக்கும். காற்றுப் பையும் தனிக் காம்பில் தொங்காது, இலைக்குள்ளேயே புதைந்திருக்கும். மாணவனாக இருந்தபோது மண்டபம் கரையில் நான் இதைக் கையில் எடுத்து "சர்காசம்" என்று பெருமையாகச் சொல்ல, பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டு, "தம்பி, இது பக்கோடா. அங்க கெடக்கு பாரு, அதான் கட்டக்கோரை" என்று திருத்தினார். புத்தகம் படித்தவனுக்குத் தெரியாதது தினமும் தொட்டவருக்குத் தெரிந்திருந்தது.

விசிறி மாதிரி விரிந்து, வளைவு வளைவாகக் கோடு போட்டு, லேசாகச் சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் அது பாடினா. ரிப்பன் போலத் தட்டையாக, இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போய், நரம்பே இல்லாமல் இருந்தால் டிக்டியோட்டா. நிஜ வேரும் நிஜ நரம்புமாக இருந்தால் அது பாசியே இல்லை, கடற்புல். அது பூக்கக்கூட செய்யும்.

சாக்கில் இருந்ததை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பிப் பார்த்தேன். முக்கால்வாசி சர்காசம். நடுவே பக்கோடாத் துண்டுகள், பாடினாவின் கிழிசல், கடற்புல், போதாக்குறைக்கு நைலான் வலை நூல் ஒன்று. எல்லாம் சேர்ந்துதான் மிஷினில் அரைபட்டிருக்கிறது.

சர்காசத்தில் எந்த சர்காசம்?

இந்தக் குடும்பம் பெரிது. நம் கரையிலேயே பல இனங்கள். தண்டு சொரசொரவென்று முள்ளாக, காற்றுப் பைகள் சின்னதாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் பாலிசிஸ்டம். இலை அகலமாக, ஓரம் ரம்பம் போல இருந்தால் இலிசிஃபோலியம். நம் கழிமுகக் கரையில் வளரும் கழுதைமுள்ளிக்கும் தாவரவியலில் இதே அடைமொழிதான். இலை மெல்லிசாக, கண்ணாடி போல இருந்தால் டெனெரிமம்.

முட்டம் பாறையில் இருந்தது கரும்பழுப்பு. ஒரு சாண் உயரத்துக்கு மேல். தண்டு வழவழப்பு. இலை இரண்டு நுனியும் கூர்ந்து நீண்டிருந்தது. காற்றுப் பை உருண்டையாகவும் முட்டை வடிவாகவும் 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை. இந்த லட்சணங்கள் சர்காசம் வைட்டியைக் காட்டுகின்றன. பெயரில் இருக்கிற வைட், ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1796-ல் பிறந்து 1872-ல் இறந்தவர். கம்பெனி சர்க்காரின் மருத்துவராகச் சென்னை ராஜதானிக்கு வந்து, தென்னிந்தியச் செடி கொடிகளையெல்லாம் சேகரித்து, ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தவர். வைத்தியத்துக்கு வந்தவர் செடியில் விழுந்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஒரு பாசம் உண்டு.

இந்த இனத்தை இன்னோர் இனத்தோடு சேர்த்து வேறு பெயரில் சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் இலைக் கக்கத்தில் தோன்றும் கொத்துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் இனத்தை அடித்துச் சொல்ல முடியும். இளஞ்செடியில் காற்றுப் பைகூட இருக்காது. ஆகவே படத்தை ஒப்பிட்டுப் பார்த்து இனப்பெயர் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மருந்தாகச் சாப்பிடப் போகிறவருக்கு, இது பழுப்புக் கூட்டம், இது சர்காசம் என்கிற அளவு தெரிந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

என்ன ஆபத்து?

ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அந்தச் சிறு அளவை உறிஞ்சி உறிஞ்சித் தன் உடம்பில் பல மடங்காகச் சேர்த்து வைப்பதில் பழுப்புப் பாசிகள் கெட்டிக்காரர்கள். அயோடின் என்ற பொருளே 1811-ல் பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர் பிரெஞ்சுக்காரர் கூர்த்துவா. 1820-ல் ஜெனீவா மருத்துவர் குவாண்டே அதை முன்கழுத்துக் கழலைக்குக் கொடுத்தார். சீன வைத்தியர்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இதே சர்காசம் குடும்பத்துப் பாசியைக் கழலைக்குக் கொடுத்தவர்கள். அவர்கள் மரபில் அதை அதிமதுரத்தோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு தடையும் உண்டு.

'அப்படியானால் நல்லதுதானே டாக்டர்?' என்று கேட்பீர்கள். டீச்சரும் கேட்டார்.

அயோடின் கிடைக்காத மலைநாட்டுக் கழலைக்கு அது நல்லது. நமக்கு? பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் உப்பில் நம் சமையலறைக்கு வரும்போது கிலோவுக்கு குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்து கிராம் உப்பிலேயே 150 வந்துவிடுகிறது. அதற்கு மேலே இந்தப் பொடி! எவ்வளவு மேலே என்று கணக்குப் போடவும் வழியில்லை. ஒரே இனப் பாசியிலேயே இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் அயோடின் மாறும். ஸ்பூன் அளவு அதே ஸ்பூன்தான், உள்ளே போகிற அளவு அதே அளவல்ல.

தைராய்டு சுரப்பி திடீரென்று அளவுக்கு மீறி அயோடினைப் பார்த்தால் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் சமாளித்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே அழற்சி தட்டிய சுரப்பியால் திரும்ப முடியாது. டீச்சருக்கு நடந்தது அதுதான். அவருக்குத் தைராய்டு எதிர்ப்பொருள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மாமியாருக்கோ பழைய கழலை. அதிலுள்ள முடிச்சுகள் யார் சொல்லையும் கேட்காமல், கிடைத்த அயோடினையெல்லாம் ஹார்மோனாக மாற்றித் தள்ளிவிட்டன. ஒரே பொடி, இரண்டு வியாதி. கர்ப்பிணியாக இருந்திருந்தால் சிசுவின் தைராய்டும் அல்லவா பாதித்திருக்கும்!

இன்னொன்று ஆர்சனிக். ஜப்பானில் ஹிஜிகி என்று சமைக்கும் பாசியும் ஒரு சர்காசம்தான். அதில் நச்சுத்தன்மை அதிகமான வகை ஆர்சனிக் இருப்பதைக் கண்டு, அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2004-ல் மக்களுக்கு அறிவுரை சொன்னது. பாஷாணத்தைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்று படித்தவர்கள் நாங்கள். அதே ஆர்சனிக் பாசிக்குள் இருந்து வந்தால் மட்டும் 'இயற்கை' என்று விட்டுவிட முடியுமா?

ஆகவே தைராய்டுக்கு என்று யாராவது பழுப்புப் பாசிப் பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டுப் பாசிக்கு மாறுவது இன்னும் மோசம். எந்த மூலிகையானாலும் முழுசாக வாங்கி, பார்த்து, தெரிந்தவரிடம் காட்டி, பிறகு பொடியுங்கள். பொடித்த பிறகு கொண்டு வந்தால் முப்பது வருஷ அனுபவம் உள்ள என் கண்ணாலும் ஒன்றும் சொல்ல முடியாது. டீச்சர் வீட்டில் ஒரு மூட்டை சருகு பொடிக்காமல் மீதி இருந்தது நம் அதிர்ஷ்டம்.

வெள்ளைக் கடல்பாசியைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுப்புப் பாசியோடு ஒப்பிட்டால் அதில் அயோடின் வெகு குறைவு, பெரும்பாலும் நார்ச்சத்துதான். நன்றாகக் கரைய விட்டுக் காய்ச்சி, நிறையத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் அதையும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பொடியை நிறுத்தி மூன்று மாதத்தில் டீச்சரின் டி.எஸ்.எச். பாதிக்கும் கீழே வந்தது. குறைந்த அளவு மாத்திரை தொடர்கிறது. மாமியாருக்கு இதயத் துடிப்பு அடங்க இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது; கழலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நிபுணர் கண்காணிப்பில் இருக்கிறார். மீதி இருந்த பாசியை என்ன செய்வது என்று கேட்டார்கள். உப்பு போக நன்றாக அலசி, தென்னைக்கு அடியில் புதைக்கச் சொன்னேன். கடலோரத்தில் காலம்காலமாகச் செய்கிற எருதான்.

என் மருந்துச் சீட்டில் இப்போதெல்லாம் 'வெள்ளைக் கடல்பாசி, கடையில் வாங்கியது' என்று முழுசாக எழுதிக் கொடுக்கிறேன். டீச்சருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "எந்தக் கடை டாக்டர்?" என்று கேட்டார். அதையும் எழுதினேன்.